கொழும்பில் போர்த்துக்கேய வரலாற்றுக் கல்வி: மொழிபெயர்ப்பிலிருந்து மூலத்துக்கு

இலங்கைப் பல்கலைக்கழகம் தொடங்கிய இலங்கை வரலாற்றுத் தொகுதிகளின் வரிசையைப் பார்த்தாலே ஓர் இடைவெளி புலப்படும். முதல் தொகுதி 1959, 1960 ஆண்டுகளில் இரு பாகங்களாக வந்தது. மூன்றாம் தொகுதி 1973 இல் வந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் ஆண்ட காலத்தைப் பேசும் இரண்டாம் தொகுதிக்கு 1995 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மூலச் சான்றுகள் இருந்த மொழியும் அவை கிடந்த தூரமும் இத்தாமதத்துக்குப் பெருங்காரணம் என்பது என் கணிப்பு.

கொழும்பில் இத்துறைக்கு வித்திட்டவர்கள் பல்கலைக்கழகத்தார் அல்லர். போர்த்துக்கேயத் தளபதி ரிபெய்ரோ இலங்கையைப் பற்றி எழுதி 1685 இல் முடித்த நூலை ஜோர்ஜ் லீ 1847 இல் ஆங்கிலத்தில் தந்தார். அதுவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பின் வழியாக. அதே நூலை மூலமொழியிலிருந்து 1909 இல் பெயர்த்தவர் சிவில் சேவையாளரான போல் ஈ. பீரிஸ். போர்த்துக்கேய வரலாற்றாசிரியர்களான பாரோஸ், கூட்டோ ஆகியோரின் நூல்களில் இலங்கை பற்றிய பகுதிகளை டொனால்ட் பெர்குசன் அரச ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். யேசு சபைக் குரு குவேரோஸ் இலங்கையைப் பற்றி 1687 இல் கோவாவில் முடித்த பெருநூல் 1916 இல் கொழும்பில் அச்சேறியது, எஸ். ஜி. பெரேரா அடிகளாரின் ஆங்கிலப் பெயர்ப்பு 1930 இல் வந்தது. 1942 இல் கொழும்பில் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, வாசிக்க வேண்டிய அடிப்படை நூல்கள் ஆங்கிலத்தில் ஆயத்தமாக இருந்தன. அந்த வசதி மாணவரை மூலமொழியிலிருந்து தள்ளியும் வைத்தது.

அத்தூரத்தைக் கடந்தவர்கள் வரலாற்றாசிரியர்களான திக்கிரி அபயசிங்கவும் சி. ஆர். டி சில்வாவும். முன்னவரின் நூல் (1966) 1594 முதல் 1612 வரையும், பின்னவரின் நூல் (1972) 1617 முதல் 1638 வரையும் உள்ள ஆட்சியை ஆவணங்களிலிருந்தே எழுதின. படை, வரி, நிலம், கறுவா ஆகியவற்றில் இவ்வாய்வுகள் உறுதியாக நிற்கின்றன. தமிழருக்கு இன்னும் நெருக்கமானது, அபயசிங்க 1986 இல் யாழ்ப்பாணத்தைப் பற்றித் தனியே எழுதிய நூல். தமிழ்மொழி மூலம் வரலாறு கற்கும் மாணவர் கையில் அது தவறாமல் இருக்க வேண்டும்.

பண்பாட்டு வரலாறு வேறு வாசல்களால் நுழைந்தது. 1952 முதல் இலங்கைப் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறை விரிவுரையாளராக இருந்த தனிநாயகம் அடிகள், 1554 இல் லிஸ்பனில் அச்சான தமிழ் - போர்த்துக்கேய வினாவிடை நூலையும் 1578 இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தையும் தமிழறிஞர் கவனத்துக்குக் கொணர்ந்தார். புரோயென்சா அடிகளின் தமிழ் - போர்த்துக்கேய அகராதி 1679 இல் அம்பலக்காட்டில் அச்சானது. அதன் பிரதியைத் தனிநாயகம் அடிகள் வத்திக்கான் நூலகத்தில் கண்டு, 1966 இல் கோலாலம்பூரில் நிழற்பதிப்பாக வெளியிட்டார். போர்த்துக்கேயர் வந்ததால் தமிழுக்கு என்ன நேர்ந்தது என்ற கேள்வியை இவ்வளவு சான்றுகளோடு எழுப்பியவர் வரலாற்றுத்துறைக்கு வெளியே நின்றவர். இத்துறைப் பிரிவினை நமக்குப் பெரிய இழப்பு.

மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயக் கிரியோல் மொழியும் இவ்வாறே வரலாற்றுத்துறைக்கு வெளியே ஆராயப்பட்டது. இலங்கைக் கிரியோலைப் பற்றி மொழியறிஞர் தல்காது 1900 இல் லிஸ்பனில் நூல் வெளியிட்டார். மொழியியலாளர் இயன் ஸ்மித் 1978 இல் மட்டக்களப்புப் பேச்சின் ஒலியியலை எழுதினார். தமிழோடு நெடுங்காலம் கலந்து வாழ்ந்த மொழி அது. தமிழ் இலக்கணம் அதன் தொடரமைப்புக்குள் எவ்வளவு ஆழமாகப் புகுந்திருக்கிறது என்று தமிழ் மாணவரால் எளிதில் உணர முடியும்.

கொழும்பில் கற்பிப்போர்க்குக் கைக்கெட்டும் களங்களும் உண்டு. வெள்ளவத்தைக்கு வடக்கே மிலாகிரிய, அங்கிருந்த போர்த்துக்கேயர் கோயிலின் பெயரைத் தாங்குகிறது. கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கரின் வரலாற்றில் ஒல்லாந்தர் கத்தோலிக்கத்தைத் தடைசெய்த காலத்தில் கோவாவிலிருந்து வந்த குருக்கள் வருகிறார்கள். அவர்களுள் யாக்கோமே கொன்சால்வேஸ் 1705 இல் இலங்கைக்கு வந்து தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். அவருடைய வியாகுலப் பிரசங்கம் தபசுகாலத்தில் பாடி வாசிக்கப்பட்டு வந்த நூல்.

பாடத்திட்டம் வகுப்போருக்கு என் பரிந்துரை, முதலாண்டிலேயே யாழ்ப்பாணத்து 1645 ஆம் ஆண்டு வருமானப் பதிவேட்டைப் பாடமாக்குவது. பீரிஸ் 1920 இல் அதை ஆங்கிலத்தில் வெளிக்கொணர்ந்தார். போர்த்துக்கேய எழுத்தர் காதால் கேட்டுப் பதிந்த ஊர், வரி, பதவிப் பெயர்களை மீட்டு வாசிக்கப் போர்த்துக்கேய மொழியறிவு மட்டும் போதாது. வலிகாமத்தையும் தென்மராட்சியையும் தெரிந்த ஒருவரும் பக்கத்தில் வேண்டும்.