'லோ லைட்' செடி இருட்டில் வளருமா? செனாய் தெரஸ் வீடுகளுக்கு ஒரு விளக்கம்

கடையில் 'லோ லைட்' என்று எழுதியிருந்தால், இருட்டிலும் வளரும்னு நினைச்சிடாதீங்க. குறைந்த வெளிச்சத்தைத் தாங்கும் என்பதுதான் அதன் பொருள். வெளிச்சம் போதாத செடி, தண்டிலும் கிழங்கிலும் சேர்த்து வைத்ததைச் செலவழித்துக்கொண்டு சில மாதங்கள் பச்சையாகவே நிற்கும். நாம் ஏமாறுவது அதனால்தான்.

ஜொகூரின் செனாய், நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 1.6 பாகையில் இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். 'குளிர்காலத்தில் செடியை ஜன்னலுக்கு நகர்த்துங்கள்' என்கிற வெளிநாட்டு யூடியூப் ஆலோசனை நமக்குப் பொருந்தாது. நம்ம சிக்கலே வேறு. நண்பகல் வெயில் கிட்டத்தட்ட தலைக்கு மேலே நிற்பதால், ஜன்னல் வழியே உள்ளே அதிகம் சாயாது. தெரஸ் வீட்டின் நடுவரிசை என்றால் முன்னாலும் பின்னாலும்தான் ஜன்னல். கார் போர்ச் கூரை வேறு மறைக்கும். வெளியே உச்சி வெயில் 100,000 லக்ஸ் வரை போகும். நடு ஹாலில் 100 லக்ஸ்கூட இல்லாமல் போகலாம். நம் கண் அதற்குப் பழகிவிடுவதால் வித்தியாசம் தெரிவதில்லை.

பாம்புச் செடி (மலாயில் லிடா ஜின்), மணி பிளாண்ட், ஸீஸீ பிளாண்ட், கரும்பச்சை இலை அக்லோனிமா ஆகியவற்றுக்கு ஏறக்குறைய 250 லக்ஸாவது வேண்டும். 500-க்கு மேல் கிடைத்தால் புது இலை விடும். சிவப்பு அக்லோனிமாவுக்கு இன்னும் அதிகம் தேவை. இருட்டில் வைத்தால் நிறம் மங்கிவிடும்.

கைப்பேசி லக்ஸ் செயலி தோராயமாகத்தான் காட்டும். நண்பகலில் செடி இருக்கும் இடத்தில் வெள்ளைத் தாளை வைத்து, ஒரு அடி மேலே கையை நீட்டிப் பாருங்க. மங்கலாகவாவது கையின் உருவம் தெரிந்தால் சமாளிக்கலாம். நிழலே விழலையா? அங்கே சாதாரண வெள்ளை எல்இடி விளக்கை, செடிக்கு ஒரு அடி உயரத்தில், தினமும் 12 மணி நேரம் எரிய விடுங்க. இல்லாவிட்டால் இரண்டு தொட்டி வாங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஜன்னலோரத் தொட்டியோடு மாற்றி வைக்கலாம். விலை உயர்ந்த உரம் வெளிச்சத்துக்கு ஈடாகாது.

வெளிச்சம் குறைந்தால் செடி தண்ணீரையும் குறைவாகத்தான் குடிக்கும். மண் இரண்டு அங்குல ஆழம் காய்ந்த பிறகு ஊற்றுங்க. ஸீஸீக்கும் பாம்புச் செடிக்கும் மண் முழுக்கக் காயணும். பெரும்பாலும் செடி சாவது வேர் அழுகித்தான். தொட்டிக்கு அடியில் உள்ள தட்டில் தேங்கும் நீரையும் கொட்டிடுங்க: ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும்.