செம்பில் வெட்டிய பெயர்

பழைய அச்சுப்படம் கைக்கு வந்தால் முதலில் அதன் ஓரத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். செப்புத் தகட்டின்மேல் ஈரத்தாளை வைத்து உருளைக்கு நடுவே விட்டு அழுத்தும்போது, தகட்டின் விளிம்பு தாளில் பள்ளமாக இறங்கிவிடும். அந்தப் பள்ளம் தட்டுப்பட்டால் பாதி மகிழ்ச்சி அங்கேயே வந்துவிடும். பூதக்கண்ணாடியும் ஊர்ப்பெயரும் அப்புறம்தான்.

சுங்கை பட்டாணியில் இருந்துகொண்டு இதையெல்லாம் சேர்ப்பது சுலபமில்லை. ஈரக்காற்றில் தாள் பழுப்புப் புள்ளி பிடிக்கும். வெள்ளிப்பூச்சி பசையைத் தேடி வரும். மலாக்கா நீரிணையைக் காட்டும் சிறு வரைபடம் ஒன்றை ஆசையாகச் சட்டம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் பின்பக்கம் முழுக்கக் கோந்து தடவி அட்டையில் ஒட்டித் தந்துவிட்டார். இரண்டு மழைக்காலத்தில் கடலெல்லாம் அம்மைத் தழும்பு. நல்லவேளை, என் மாநிலமான கெடாவின் பெயர் தப்பித்தது.

அந்தப் பெயர் அதில் ‘கே’ எழுத்தில் தொடங்காது. கியூ, யு, இ, டி, ஏ. போர்த்துக்கீசியர் நம் ‘கெ’ ஒலியை எழுதும் முறை அது. மற்ற ஐரோப்பியரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். ஆங்கிலேயர் சிலர் கடைசியில் ஓர் ‘எச்’ சேர்த்தார்கள். போர்த்துக்கீசிய மொழியில் இதே எழுத்துக்கூட்டலுக்கு ‘வீழ்ச்சி’ என்று பொருள். தமிழ்க் காதில் விழுவதோ ‘கெடா’, அழியாதது. தோட்டத்துக் கிழவர்கள் இதை வைத்து ஒரு சிலேடையாவது சொல்லாமல் விடமாட்டார்கள்.

ஜாவி எழுத்தில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. மலாய்க்காரர்கள் கெடாவை எழுதும் எழுத்துக்களை ஓர் அரபியர் படித்தால் ‘கதஹ்’ என்பார். அதற்குப் பொருள் குடிக்கும் கோப்பை. சமஸ்கிருத நூல்கள் இந்த நாட்டைக் ‘கடாஹம்’ என்கின்றன, அது கொப்பரை. தமிழில் கடாரம். அதற்கும் பெரிய செப்புப் பாத்திரம், கொப்பரை என்றே அகராதி பொருள் தருகிறது. ஒரே ஊர், மூன்று மொழி, மூன்றிலும் பாத்திரம்! இந்த மண்ணின் பழம்பெயர் எதுவாக இருந்தாலும், வந்து இறங்கியவர்கள் தங்கள் வீட்டில் ஏறத்தாழ அதே ஓசையில் இருந்த பாத்திரத்தை எடுத்து அதன்மேல் கவிழ்த்துவிட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. யானை பிடிக்கும் ‘கெட்டா’விலிருந்து வந்த பெயர் என்பாரும் உண்டு. இங்கிருந்து சோழமண்டலக் கரைக்கு யானைகள் கப்பலேறியது உண்மை. ஆனால் பெயர் அந்த வணிகத்தைவிட மிகப் பழையது.

எவ்வளவு பழையது? பட்டினப்பாலையில் வரும் ‘காழகம்’ கடாரமே என்று நச்சினார்க்கினியர் உரை எழுதினார். அவர் உரை நூலுக்குப் பல நூற்றாண்டு பிந்தியது என்பதால் அதை நான் பாதிதான் நம்புகிறேன். செப்பேட்டுச் சான்று உறுதியானது. நாகப்பட்டினத்தில் கடாரத்து அரசன் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடுத்தான். அந்தக் கொடை 21 ஏடுகளில் வெட்டப்பட்டது. சமஸ்கிருத ஏடுகள் 5. அவற்றில் விகாரம் எழுப்பியவன் கடாஹத்தின் அதிபதி. தமிழ் ஏடுகள் 16, அவற்றில் கிடாரத்தரையன். ஹாலந்துக்குப் போய்ச் சேர்ந்ததால் இவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் நிலைத்துவிட்டது. தந்தை ஊர் கொடுத்துச் சிறப்பித்த நாட்டை மகன் இராசேந்திரன் 1025-இல் கடற்படை அனுப்பிச் சூறையாடி, கடாரங்கொண்டான் ஆனான்.

‘கிடாரம்’ என்ற அந்த வடிவத்தை நான் செப்பேட்டில் கற்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குத் தோட்டத்தில் சாம்பார் கொதிக்கும் பெரிய பாத்திரத்தை என் பாட்டி கிடாரம் என்றுதான் சொல்வார். தான் பால்மரம் வெட்டும் மாநிலத்தின் பெயரும் அதுதான் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. திருவாரூருக்குப் பக்கத்தில் கிடாரங்கொண்டான் என்று ஓர் ஊர் இன்றும் இருக்கிறது. 2019-இல் ‘கடாரம் கொண்டான்’ என்று சினிமாவே வந்துவிட்டது.

படங்களுக்குத் திரும்புகிறேன். கேப்டன் ராபர்ட் ஸ்மித் பினாங்கில் வரைந்த காட்சிகளை வில்லியம் டேனியல் அக்வாடின்ட் முறையில் செதுக்க, 1821-இல் லண்டனில் அவை வெளியாயின. செப்புத் தகட்டில் குங்கிலியப் பொடியைத் தூவிச் சூடாக்கி, அமிலத்தில் தோய்த்தால் பொடிகளுக்கு இடையில் அரித்து நுண்ணிய புள்ளிகள் விழும். மை ஏற்றி எடுத்தால் நீர்வண்ணத்தைக் கரைத்து விட்டதுபோல் வானம் வரும். மேலே கையால் வண்ணம் பூசுவார்கள். குன்று, பங்களா, நறுமணத் தோட்டம் என எல்லாம் அமைதி. அதே 1821-இல்தான் சயாம் படை கெடாவுக்குள் புகுந்தது. சுல்தான் அகமது தாஜுதீன் தப்பி வந்து சேர்ந்த இடம் அந்தப் பினாங்கு. அசல் தாள்கள் என் சம்பளத்துக்கு எட்டாதவை. ஸ்மித்தின் எண்ணெய் ஓவியங்கள் சில பினாங்கு மாநில அருங்காட்சியகத்தின் தொகுப்பில் இருக்கின்றன.

என் பெட்டியில் அந்த வரைபடத்தோடு இன்னொரு தாளும் இருக்கிறது. ஆனைமங்கலச் செப்பேட்டு மைப்படி ஒன்றின் ஒளிநகல். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது என் ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு. ஐரோப்பியச் செதுக்காளர் பெயரை இடவலம் மாற்றி வெட்டியாக வேண்டும். அழுத்தி எடுத்தால்தான் நேராகும். மை பள்ளத்தில் தங்குவதால் வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து. சோழத் தச்சன் நேராகவே வெட்டினான். தாளில் எடுப்பார்கள் என்று அவன் நினைத்திருக்க வழியில்லை. மைப்படியில் மை மேட்டில்தான் ஒட்டும். அதனால் அங்கே எல்லாம் கறுப்பு, கிடாரம் மட்டும் வெள்ளை.