டி-ஷர்ட்டுக்கு ஒரு 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்'... சாஃப்ட்வேருக்கு? 'டிபென்டென்சி லிஸ்ட்' ஏன் சுத்தமாக இருக்க வேண்டும்?

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் பேக் ஆக துணி மட்டும் போதாது. தையல் நூல், சைஸ் லேபிள், வாஷ்கேர் லேபிள், ஹேங் டேக், பாலிபேக், அட்டைப்பெட்டி என எல்லாம் வேறு வேறு இடத்திலிருந்து வரும். அதனால்தான் மெர்ச்சண்டைசர் கையில் 'பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்' என்ற பட்டியல் எப்போதும் இருக்கும்.

அதே கம்பெனியில் பில் போடும் சாஃப்ட்வேருக்கும் இப்படி ஒரு பட்டியல் உண்டு. ஆனால் அதை எழுதிய டெவலப்பர் வேலையை விட்டுப் போன பிறகு யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பம்.

டிபென்டென்சி என்றால் என்ன?

டெவலப்பர்கள் எல்லாவற்றையும் தாங்களே எழுதுவதில்லை. பிடிஎஃப் பில் எடுக்க, எக்செல் ஃபைலைப் படிக்க என ஒவ்வொன்றுக்கும் யாரோ ஏற்கெனவே எழுதிவைத்த 'பேக்கேஜ்'களைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவற்றை நம்பித்தான் சாஃப்ட்வேர் ஓடுகிறது. அதனால் இவை 'டிபென்டென்சி'. ஜாவாஸ்கிரிப்ட்டில் 'பேக்கேஜ் டாட் ஜேசான்', பைத்தானில் 'ரிக்வயர்மென்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' போன்ற ஃபைல்களில் இந்தப் பட்டியல் இருக்கும்.

நாம் சேர்த்த ஒரு பேக்கேஜ், தனக்கு வேண்டிய இன்னும் சிலவற்றை இழுத்துவரும். ஜாப் வொர்க் எடுத்த யூனிட், அதை இன்னொரு யூனிட்டிடம் கொடுப்பது மாதிரிதான்.

11 வரி செய்த வேலை

2016 மார்ச் 22. 'லெஃப்ட் பேட்' என்ற குட்டி பேக்கேஜை அதை எழுதியவர் 'என்பிஎம்' தளத்திலிருந்து நீக்கினார். வெறும் 11 வரி. ஒரு எழுத்துத் தொடரின் இடது பக்கம் பூஜ்யமோ இடைவெளியோ சேர்ப்பது மட்டுமே அதன் வேலை. ஆனால் 'பேபல்' போன்ற பெரிய டூல்களே அதை நம்பியிருந்ததால், உலகம் முழுக்க பல புராஜெக்ட்கள் பில்ட் ஆகாமல் நின்றன. சில மணி நேரத்தில் என்பிஎம் அதைத் திரும்பக் கொண்டுவந்தது.

2021 டிசம்பரில் வந்தது இதைவிடப் பெரிய அடி. ஜாவா சாஃப்ட்வேர்களில் நடப்பதைப் பதிவு செய்யும் 'லாக்4ஜே' பேக்கேஜில் ஓட்டை இருப்பது வெளியானது. ஆபத்து மதிப்பெண் 10-க்கு 10. அப்போது ஒவ்வொரு கம்பெனியும் கேட்ட முதல் கேள்வி: 'நம்மிடம் அது இருக்கிறதா?' பட்டியல் ஒழுங்காக இல்லாதவர்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. சாயத்தில் பிரச்னை என்று பையரிடமிருந்து மெயில் வந்த பிறகு, அந்த லாட் எந்த ஆர்டருக்குப் போனது என்று தேடுவது போன்ற நிலைமை அது.

சுத்தமாக வைப்பது எப்படி?

• பயன்படுத்தாததை நீக்குங்கள்: கோடில் ஒரு வசதியை எடுத்தால், பட்டியலிலும் அந்த வரியை எடுக்க வேண்டும். 'டெப்செக்' போன்ற டூல்கள் சும்மா கிடப்பதைக் காட்டும். அவை சில நேரம் தேவையானதையும் தேவையில்லை என்று சொல்லிவிடும். ஒவ்வொன்றாக நீக்கி, டெஸ்ட் செய்து பாருங்கள்.

• இரண்டாகப் பிரியுங்கள்: டெஸ்ட் செய்ய மட்டும் உதவும் பேக்கேஜ்கள் 'டெவ் டிபென்டென்சிஸ்' பகுதியில் இருக்க வேண்டும். உடைந்த ஊசித் துண்டு சட்டையோடு போய்விடக் கூடாது என்று டிடெக்டரில் விட்டு எடுக்கிறார்களே, அதே கதைதான் இது. வேலைக்கான கருவி, சரக்கோடு போகக் கூடாது.

• வெர்ஷனைப் பூட்டுங்கள்: '^4.18.0' என்று எழுதினால், 4.18.0 முதல் 5-க்குக் கீழே எந்த வெர்ஷன் வந்தாலும் சரி என்று அர்த்தம். 'நேவி ப்ளூ' என்று மட்டும் சொல்லி ஆர்டர் போட்டால் லாட்டுக்கு லாட் ஷேடு மாறும் அல்லவா? சரியான வெர்ஷனைக் குறித்துவைப்பது 'லாக் ஃபைல்'. அதை அழிக்காதீர்கள். 2025 செப்டம்பர் 8 அன்று 'சாக்', 'டீபக்' உள்ளிட்ட 18 பிரபல பேக்கேஜ்களின் புதிய வெர்ஷனில் திருட்டுக் கோடு நுழைக்கப்பட்டது. பழைய லாக் ஃபைலில் உள்ளபடியே இன்ஸ்டால் செய்தவர்களுக்கு அது வரவே இல்லை.

• அகர வரிசையில் அடுக்குங்கள்: ஒரே பேக்கேஜ் இரண்டு முறை இருந்தால் கண்ணில் படும். ஜேசான் ஃபைலில் ஒரே பெயர் இரண்டு தடவை வந்தால் பெரும்பாலும் எச்சரிக்கையே வராது, கடைசியில் உள்ளதுதான் செல்லும்.

• பூட்டிவிட்டு மறந்துவிடாதீர்கள்: பழைய வெர்ஷனிலும் ஓட்டை இருக்கலாம். 'என்பிஎம் ஆடிட்' போன்ற கட்டளைகளால் அவ்வப்போது சரிபாருங்கள்.

அரசு என்ன சொல்கிறது?

இந்தியாவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான 'செர்ட்-இன்', 2024 அக்டோபரில் இதற்கென வழிகாட்டுதலை வெளியிட்டது. அரசுத் துறைகள், பொதுத்துறை நிறுவனங்கள், சாஃப்ட்வேர் ஏற்றுமதி செய்பவர்கள் ஆகியோருக்கானது அது. அந்தப் பட்டியலின் பெயர் என்ன தெரியுமா? 'சாஃப்ட்வேர் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்'. திருப்பூருக்குப் பழகிய அதே பெயர்!

உங்கள் கம்பெனிக்கு வெளியில் ஆள் வைத்து சாஃப்ட்வேர் எழுதியிருக்கிறீர்களா? டெவலப்பரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். டிபென்டென்சி பட்டியல் எங்கே இருக்கிறது? லாக் ஃபைல் இருக்கிறதா? கடைசியாக எப்போது ஆடிட் செய்தீர்கள்? ஷிப்மென்ட் நாளில் இன்வாய்ஸ் வராமல் சிஸ்டம் நின்ற பிறகு கேட்பதைவிட, இன்றைக்கே கேட்டுவிடுவது நல்லது.