ஆழத்தின் புழுக்கம்

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3,000 மீட்டருக்கும் கீழே இறங்கியது. அந்த ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். ஆனால் அதை மட்டும் சொன்னால் அங்கே உழைத்தவர்கள் பட்ட பாட்டில் பாதிதான் விளங்கும். கீழே இறங்கும் காற்று தன் பாரத்தாலேயே அமுங்கிச் சூடேறுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி வரை. போதாததற்கு, பாறையைத் துளையிடும்போது தண்ணீர் பாய்ச்சியாக வேண்டும். இல்லாவிட்டால் சிலிக்கா தூசி நுரையீரலைத் தின்றுவிடும். நுரையீரலைக் காப்பாற்றப் பாய்ச்சிய அதே நீர் ஆவியாகிக் காற்றை நிறைத்தது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும். ஈரம் நிறைந்த காற்றில் அது வழியுமே தவிரக் காயாது. ஆகவே ஆழ்சுரங்கத்தில் மனிதனைச் சாய்ப்பது வெறும் சூடு அல்ல, புழுக்கம்.

1880இல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் கம்பெனி இங்கே காலூன்றியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரமே வந்துவிட்டது. காற்றைக் குளிர்விக்கும் ஆலை மட்டும் 1930களில்தான் வந்தது. பிரேசிலின் மொர்ரோ வேல்யோ சுரங்கத்தில் 1920இலும், தென்னாப்பிரிக்காவின் ராபின்சன் டீப் சுரங்கத்தில் 1935இலும் இப்படித்தான் நடந்தது: காற்றோட்டம் மட்டும் போதாது என்ற ஆழம் வந்த பிறகே குளிர்விப்பு வந்தது. ஆலையைத் தரைமேல் வைத்ததற்குக் காரணம் உண்டு. குளிர்விக்கும் எந்திரம் சூட்டை அழிப்பதில்லை, வேறிடத்துக்குத் தள்ளுகிறது. பாதாளத்தில் அதைத் தள்ள இடம் குறைவு. குளிரும்போது காற்றின் ஈரமும் நீராக வடிந்துவிடும் என்பதால், உலர்ந்த காற்றைக் கீழே அனுப்ப முடிந்தது. நல்ல பொறியியல்தான். ஆனாலும் அது வந்த காலத்தைப் பார்த்தால், தொழிலாளியின் துன்பத்தைவிடத் தங்கம் கிடந்த ஆழமே அதை அழைத்து வந்தது என்றுதான் நான் படிக்கிறேன்.

வடஆற்காடு, சேலம் போன்ற வெயில் சீமைகளிலிருந்து வந்தவர்களுக்கு வெக்கை புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. உடம்பு சூட்டுக்குப் பழகும் என்பது மெய். சில நாள் உழைப்பில் வியர்வை சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கக் கற்றுக்கொள்ளும். ஆனால் காயாத வியர்வை எவ்வளவு சுரந்து என்ன பயன்? அந்தப் பழக்கம் உடம்பின் நீரைத்தான் இன்னும் வேகமாக வடித்தது. பெரும்பாலும் தலித்துகளான அந்தத் தமிழ்த் தொழிலாளர்களின் தாங்குசக்தியை இயற்கையின் கொடை என்று புகழ்வது, அவர்களுக்குச் செய்யத் தவறியதை மறைக்கும் பேச்சு.

நோக்கம் எதுவானால் என்ன, குளிர்ந்த காற்று வந்ததே என்பது இதைவிட வலுவான மறுப்பு. ஆம், வந்தது, அது பல உயிர்களைக் காத்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் காற்று இறங்கிய தூரத்துக்கு மனிதர்களும் இறங்கினார்கள். அங்கே புழுக்கம் குறைந்தாலும், அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சரியும் ஆபத்து கூடிற்று. 1956இல் மைசூர் அரசும் 1962இல் மத்திய அரசும் சுரங்கங்களை ஏற்றபோது கைக்கு வந்தது இந்த ஆழம்தான்: தங்கம் குறைந்த பாறை, அதை எட்டுவதற்குக் காற்றுக்கும் நீரிறைப்புக்கும் ஓயாத செலவு. 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டதற்கு அரசு நிர்வாகத்தை மட்டும் குறைசொல்பவர்கள், மேலடுக்கின் வளமான தங்கம் யார் காலத்தில் லண்டன் பங்குதாரர்களுக்கு லாபமாகப் போனது என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.