ஆர்க்கிட்: தண்ணி ஊத்தியே கொன்ன கதை

1/ "ஆர்க்கிட் எல்லாம் ஊட்டி, கொடைக்கானல் சமாச்சாரம் டாக்டர், நம்ம ராமநாதபுரம் வெயிலுக்குச் செத்துடும்" என்று வாங்காமலே இருப்பவர்கள் ஒரு பக்கம். ஆசையா வாங்கி, தினமும் தண்ணி ஊத்தி, ரெண்டே மாசத்தில் அழுக விடுபவர்கள் இன்னொரு பக்கம். ரெண்டு பேருக்கும் பதில் 200 வருஷத்துக்கு முந்தின வரலாற்றில் இருக்கு. அதில் டாக்டர்களுக்கும் பெரிய பங்கு உண்டு!

2/ பெயரிலிருந்தே ஆரம்பிப்போம். கிரேக்கத்தில் 'ஆர்க்கிஸ்' என்றால் விரை. அங்கே வளரும் ஆர்க்கிட்களின் ஜோடிக் கிழங்கு பார்க்க அப்படி இருக்கும். விரை வீக்கத்தை நாங்கள் 'ஆர்க்கைட்டிஸ்' என்று சொல்வதும் இதே வேர்ச்சொல்லில் வந்ததுதான்.

3/ 1768. தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்தார் கோனிக். தாவரவியலின் தந்தை லின்னேயஸின் மாணவர். அவரோடு பழகிச் செடிகளைப் படித்தவர் வில்லியம் ராக்ஸ்பர்க். 1776-ல் கிழக்கிந்திய கம்பெனியின் உதவி சர்ஜனாக மெட்ராஸ் வந்த ஸ்காட்லாந்துக்காரர்.

4/ சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள் பற்றி ராக்ஸ்பர்க் எழுதிய பெரிய நூலில், 1795-ல் ஒரு ஆர்க்கிட் படத்தோடு வந்தது. இன்றைய பெயர் வண்டா டெசலேட்டா. 'வண்டா' என்பதே சமஸ்கிருதச் சொல். இது குளிர்மலைச் செடி இல்லீங்க. தமிழ்நாட்டுச் சமவெளியிலும் இலங்கையின் உலர் வலயத்திலும் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு வளர்வது. மழையில்லாத மாதங்களையும் தாங்கும்.

5/ அதே காலத்தில் இங்கிலாந்தில் என்ன நடந்தது? வெப்ப நாட்டுச் செடி என்றாலே புழுக்கமான காடு என்று முடிவு கட்டினார்கள். கண்ணாடி வீட்டை அடைத்து, நிலக்கரி எரித்து, ஆவியில் வேக வைத்தார்கள். கப்பல் கப்பலாக வந்த ஆர்க்கிட்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. 1830-களில் சாட்ஸ்வொர்த் மாளிகைத் தோட்டத்தில் ஜோசப் பாக்ஸ்டன் சூட்டைக் குறைத்து, காற்றோட்டம் கொடுத்தார். செடிகள் பிழைத்தன!

6/ காரணம் வேரில் இருக்கு. மரத்தில் வளரும் ஆர்க்கிட்டின் வேரைச் சுற்றி 'வெலாமன்' என்ற பஞ்சு போன்ற உறை இருக்கும். மழையைச் சட்டென்று உறிஞ்சி, பிறகு காற்றில் உலரும். எப்பவும் ஈரத்திலேயே ஊறினால் வேருக்கு ஆக்சிஜன் கிடைக்காது. மூச்சுத் திணறி அழுகும்.

7/ அதனால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது:
▪️ மண் வேண்டாம். நம்ம மாவட்டத்துச் சீமைக்கருவேலக் கரியே போதும். கழுவி, ஓட்டுத் துண்டு, தேங்காய் மட்டைத் துண்டோடு கலந்து போடுங்க.
▪️ வேர் வெள்ளியாகத் தெரிந்தால் தண்ணி ஊத்துங்க. பச்சையாக இருந்தால் பொறுங்க.
▪️ ராமேஸ்வரம் பக்கத்து உப்புத் தண்ணி ஆகாது. மழைநீர் நல்லது, இல்லேன்னா ஆர்ஓ தண்ணி.
▪️ காலை வெயில் வரும் ஜன்னலோரம், காற்று ஓடும் இடம். உச்சி வெயில் நேராகப் படக்கூடாது.

8/ கடைசியா டாக்டராக ஒன்று: தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணி தேங்க விடாதீங்க. அங்கே அழுகுவது வேர் மட்டுமில்லை, டெங்கு கொசுவும் முட்டையிடும். மரத்தில் இருக்கும் வண்டாவைப் பிய்த்து வராதீங்க. நர்சரியில் வளர்த்ததை வாங்குங்க.

வீட்டில் ஆர்க்கிட் வைத்திருப்பவர்கள், இப்பவே போய் வேரின் நிறத்தைப் பார்த்துட்டு வாங்க 🙏