பெங்களூர்த் தமிழரும் மாலைநேரக் கன்னடமும்

பிழைப்பு நாடிப் பிற மாநிலம் புகுந்த தமிழர், அந்நிலத்து மொழியைக் கற்றுத்தான் ஆக வேண்டுமா? மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் எழும் இவ்வினாவிற்குப் பெங்களூரில் நீண்டதொரு வரலாறு உண்டு. அதனைச் சிறிது காண்போம்.

இந்நகர்ப் புறத்தே தமிழ் நேற்று வந்ததன்று. தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயிலில் பழந்தமிழ்க் கல்வெட்டுகளை இன்றும் காணலாம். ஆயினும் இன்றுள்ள தமிழ்க் குடியிருப்புகள் பலவற்றிற்கு வித்திட்டது, 1809இல் ஆங்கிலேயர் அமைத்த படைவீடாகும். மக்கள் அதனைத் 'தண்டு' என்றனர். படையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்திலிருந்து வணிகரும் ஒப்பந்தக்காரரும் கூலித் தொழிலாளரும் வந்து குடியேறினர். 1881இல் மைசூர் நாடு மன்னர் வசம் திரும்பிய பின்னரும் தண்டு ஆங்கிலேயர் ஆட்சியிலேயே நீடித்தது. கன்னடம் வழங்கிய பழைய பேட்டை ஒருபுறம். தமிழும் உருதும் ஆங்கிலமும் மிகுதியாக வழங்கிய தண்டு மறுபுறம். இடையே கப்பன் பூங்கா. நகராட்சிகளும் இரண்டு. தண்டிலே பிறந்து தண்டிலேயே வாழ்ந்த தமிழர் பலர் கன்னடம் அறியாதிருந்ததில் வியப்பில்லை. அதற்கான தேவை அவர்க்கு நேரவில்லை.

1947இல் தண்டு மைசூர் அரசிடம் திரும்பியது. 1949இல் இரு நகராட்சிகளும் ஒரே மாநகராட்சியாயின. 1963ஆம் ஆண்டுச் சட்டம் கன்னடத்தை மாநில ஆட்சிமொழி ஆக்கிற்று. நகரைப் பிரித்த எல்லை ஓர் ஆணையால் மறைந்தது. நாவின் எல்லையோ அங்ஙனம் மறையவில்லை. சிறுவர் பள்ளியிலும் தெருவிலும் கன்னடம் கற்றனர். பகலெல்லாம் உழைக்கும் பெரியவர்க்கு வாய்த்தது மாலை வேளையே.

1915இல் தோன்றிய கன்னட சாகித்திய பரிஷத்து, காவ, ஜாண, ரத்ன என்னும் தேர்வுகளை ஏற்படுத்திற்று. பள்ளிப் பருவம் கடந்தோரும் படிப்படியாக ஏறத்தக்க ஏணி இது. பிற்காலத்தில் கன்னட வளர்ச்சி ஆணையமும் கன்னடம் அறியாதோர்க்கெனக் கற்பித்தல் மையங்களை நடத்தலாயிற்று.

வயது கடந்தபின் மொழி வருமா என ஐயுறுவோர் பெர்டினண்டு கிட்டெலை நினைத்தல் நன்று. செருமனியில் பிறந்த இப்பாதிரியார் 1853இல், தம் 21ஆம் வயதில், இந்தியா வந்து கன்னடம் பயின்றார். ஏறத்தாழ 70,000 சொற்கள் கொண்ட அவரது கன்னட–ஆங்கில அகராதி 1894இல் மங்களூரில் வெளியாயிற்று. தமிழர் பலர் வாழும் ஆஸ்டின் டவுனுக்கு இன்று கிட்டெல் நகர் என்பது பெயர்.

அவருக்கு இல்லாத உறவு நமக்கு உண்டு. நம் பால் கன்னடத்தில் ஹாலு, பத்து ஹத்து, புலி ஹுலி. நம் செவி அவர்க்குக் கிவி. நம் சேரி கேரி. இவ்வொழுங்கை உணர்ந்தவர்க்குச் சொற்கள் கூட்டமாக வந்து சேரும். ஆனால் இவ்வுறவே இடறவும் செய்யும். பந்தியில் 'சாக்கு' என நம் செவியில் விழும் சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் 'போதும்' என்பது. நம் ககரம் ஒன்று நிற்குமிடத்தில் கன்னடம் நான்கு எழுத்துகளை நிறுத்துகின்றது. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாமும் கன்னட மாலை வகுப்பில் அரிச்சுவடி மாணவராகவே அமர்ந்தோம். நம் அருகில் கடைசல் தொழிலாளியும் செவிலியும் இருந்தனர். அங்கே பதவிக்கு மதிப்பில்லை, பயிற்சிக்கே மதிப்பு.

கன்னடம் கற்றால் தமிழ் தேயும் என அஞ்சுவோரும் உளர். தமிழ் வழங்கிய இல்லத்தில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்தில் எழுதி 1983ஆம் ஆண்டிற்கான ஞானபீடப் பரிசைப் பெற்றார். ஒரு மொழியைக் கற்பது மற்றொன்றைத் துறப்பதன்று.

காவிரிப் பூசலையொட்டி 1991 டிசம்பரில் இந்நகர்த் தமிழர் பெருந்துயர் உற்றனர். பல்லாண்டு மூடிக் கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் அல்சூர் ஏரிக்கரையில் திறக்கப்பெற்றது. அதே மாதம் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னையில் திறக்கப்பெற்றது. மொழியறிவு ஒன்றே பகையை நீக்கிவிடும் எனக் கூற நாம் துணியோம். ஆயினும், துன்ப நாளில் கதவைத் தட்டி நலம் உசாவ அண்டை வீட்டார் வேண்டும். அவ்வுறவு அமைதியான நாட்களில் பேசிப் பழகியே வளர்வது. வாரத்தில் சில மாலைப் பொழுதுகள் அதற்குப் பெரிய விலை அல்ல.