உபகாரச் சம்பளம்

எங்கள் கோபிச்செட்டிபாளையம் வட்டாரத்துப் பெரியவர்கள் பேச்சில் ஒரு விசித்திரம் உண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கட்டும் பணத்துக்கும் அவர்களிடம் ‘சம்பளம்’ என்றுதான் பெயர். “பையனுக்குச் சம்பளம் கட்டியாச்சுங்களா?” என்பார்கள். சர்க்கார் இரக்கப்பட்டு மாணவனுக்குக் கொடுக்கும் பணம் ‘உபகாரச் சம்பளம்.’ ஒன்று நாம் கொடுப்பது. மற்றொன்று நமக்குக் கொடுப்பது. இரண்டுக்கும் சொல் ஒன்றே. நடுவில் நிற்கும் ‘உபகாரம்’ மட்டுந்தான் வித்தியாசம். அந்த உபகாரத்தை உரிமையாக்குவதற்கு யார் யார் யாரிடம் போய் நின்றார்கள், என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பது நம் நாட்டுச் சரித்திரத்தில் அதிகம் பேசப்படாத ஓர் அத்தியாயம்.

கோபியைச் சினிமாவில் பார்க்காத தமிழர் இருக்க மாட்டார். கொடிவேரி அணையிலிருந்து வரும் தடப்பள்ளி வாய்க்காலும், பச்சைப் பசேலென்ற வயலும், தென்னந்தோப்பும் எத்தனையோ காதல் பாட்டுகளுக்குப் பின்னணி. இவ்வளவு செழித்த ஊருக்கு ரயில் கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. கல்லூரியும் வெகுகாலம் கிடையாது. விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி 1898-இல் தொடங்கிய வைரவிழாப் பள்ளிதான் ஊரின் பெருமை. கோபி கலைக் கல்லூரி பிறந்தது 1968-இல். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில், பள்ளிப் படிப்பை முடித்த பையன் மேலே படிக்க வேண்டுமானால் கோயமுத்தூருக்குப் போக வேண்டும். 1954-க்குப் பிறகானால், ஈரோட்டுச் சிக்கய்ய நாயக்கர் கல்லூரிக்குப் போகலாம்.

தூரத்தைச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. கணக்கைச் சொல்வதற்காக எழுதுகிறேன். வெளியூரில் படிக்கிற பையனுக்குக் கல்லூரிச் சம்பளம் செலவில் ஒரு பங்குதான். ஹாஸ்டல் சாப்பாடு, பஸ், புத்தகம், துணிமணி எல்லாம் தனி. இவற்றுக்கு மேல் யாரும் எழுதி வைக்காத செலவு ஒன்று இருக்கிறது. படிக்கப் போகாமல் இருந்தால் அவன் கரும்பு வெட்டியோ, மஞ்சள் வேக வைத்தோ, தறி ஓட்டியோ வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கக் கூடிய கூலி. பணக்கார வீட்டுக்கு இந்தக் கடைசிச் செலவு கண்ணில் படாது. கூலிக்காரர் வீட்டில் அதுதான் முதல் செலவு.

இந்தக் கணக்கை அதிகாரத்தில் இருந்தவர்கள் முன்னே முதலில் எடுத்து வைத்தவர்கள் ஒடுக்கப்பட்ட மக்களின் தலைவர்களே. சென்னைச் சட்டசபையில் நியமன அங்கத்தினர்களாக அமர்ந்த எம். சி. ராஜாவும் இரட்டைமலை சீனிவாசனும் 1920-களில் வாதாடிய காரியங்கள் பல. பொதுச் சாலையில் நடக்கும் உரிமைக்கே அப்போது தீர்மானம் கொண்டு வர வேண்டியிருந்தது; சீனிவாசன் 1924-இல் கொண்டு வந்தார். சாலையில் நடக்கவே தீர்மானம் வேண்டியிருந்த காலத்தில், பள்ளிச் சலுகையையும் விடுதியையும் எவ்வளவு போராடிக் கேட்டிருக்க வேண்டும் என்பதை வாசகர்களே ஊகித்துக் கொள்ளலாம். அந்தக் காலத்தில் லேபர் இலாகா என்ற ஒன்றே இந்த மக்களின் பள்ளிகளையும் உபகாரச் சம்பளத்தையும் கவனித்து வந்தது.

பெரிய கேள்வியைக் கேட்டவர் டாக்டர் அம்பேத்கர். 1942 ஜூலையில் அவர் வைசிராய் நிர்வாக சபையில் தொழிலாளர் இலாகா அங்கத்தினரானார். மூன்றே மாதத்தில், அக்டோபர் 29-ஆம் தேதி, வைசிராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு நீண்ட மகஜரைக் கொடுத்தார். தாழ்த்தப்பட்ட வகுப்பாரின் குறைகளை அதில் வரிசையாக அடுக்கியிருந்தார். கல்வியைப் பற்றி அவர் கேட்டது, உள்நாட்டில் விஞ்ஞானமும் தொழில் நுணுக்கமும் படிக்கும் மாணவர்களுக்கு வருஷத்துக்கு இரண்டு லட்சம் ரூபாய். வெளிநாட்டில் படிப்பதற்கு ஒரு லட்சம்.

அந்த மகஜரில் நான் ரசிக்கிற இடம் ஒன்று உண்டு. அவர் வறுமையை வர்ணித்துக் கண்ணீர் வரவழைக்கவில்லை. காசிப் பல்கலைக் கழகத்துக்கும் அலிகார் பல்கலைக் கழகத்துக்கும் சர்க்கார் ஆண்டுதோறும் மூன்று மூன்று லட்சம் கொடுத்து வருவதை எடுத்துக் காட்டினார். அவர்களுக்குக் கொடுப்பதை இவர்களுக்கு ஏன் கொடுக்கலாகாது என்பதுதான் அவருடைய வாதம். பிச்சை கேட்பவன் தன் வயிற்றைக் காட்டுவான். பங்கு கேட்பவன் கணக்குப் புத்தகத்தைக் காட்டுவான். அம்பேத்கர் காட்டியது கணக்குப் புத்தகம். பலன் கிடைத்தது. 1944 முதல் ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாய் உபகாரச் சம்பளத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. பள்ளி இறுதிக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு மத்திய சர்க்கார் தரும் உதவித் தொகைக்கு வித்து அதுதான்.

சுதந்திரத்தை ஒட்டி நம் கொங்குச் சீமைக்கு ஓர் அதிர்ஷ்டம் வாய்த்தது. 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி மந்திரி, கோயமுத்தூரில் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவிய தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். 1950-களில் கல்வியையும் நிதியையும் சேர்த்துக் கவனித்தவர் பொள்ளாச்சிப் பக்கத்துச் சி. சுப்பிரமணியம். பணப்பெட்டியும் பள்ளிக்கூடமும் ஒரே மந்திரியின் கையில் இருப்பது லேசான விஷயமல்ல. காமராஜ் ஆட்சியில் பள்ளிச் சம்பளம் ஒழிந்த கதை எல்லோருக்கும் தெரியும். முதலில் ஆண்டு வருமானம் 1,200 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு ரத்தாகி, பிறகு வரம்பு இல்லாமல் எல்லோருக்கும் ஆயிற்று.

ஆனால் விடுதியும் சோறும் சட்டத்தால் மட்டும் வருவதில்லை. கோபி நகரசபைத் தலைவராக இருந்த ஜி. எஸ். லட்சுமண அய்யர் தம் ஊரிலேயே தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கு விடுதி நடத்தினார். அக்கிரகாரத்தில் பிறந்து, அதற்காகவே சொந்த ஜாதியாரின் பகையைத் தேடிக் கொண்ட குடும்பம் அவருடையது. அவரைப் போல ஊருக்கு ஒருவர் கிடைத்தால் சட்டசபைக்கு மனுப் போட வேண்டிய அவசியம் குறையும். கிடைக்க மாட்டார்கள். அதனால்தான் மனு வேண்டியிருக்கிறது.

கல்லூரிச் சம்பளம் ரத்தாவதற்கு மேலும் பல ஆண்டுகள் பிடித்தன. அரசுக் கலைக் கல்லூரிகளில் பட்டப் படிப்புக்கு அது நீங்கியது 2007-இல். குடும்பத்தில் முதல் முதலாகப் பட்டப் படிப்புக்குள் நுழைகிறவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை வந்தது 2010-இல். இதெல்லாம் நல்ல காரியங்களே. ஆயினும் ஒரு சமயம் எங்கள் பகுதியில் குறை கேட்க வந்த ஒரு சட்டமன்ற உறுப்பினரிடம் கூலிக்காரர் ஒருவர் கேட்ட கேள்வி என் காதிலேயே நிற்கிறது. “ஏனுங்க, பீஸ் இல்லீங்கறது சரிதானுங்க. பையன் மூணு வேளையும் திங்கோணுமல்லோங்க? அதுக்கு யாருங்க குடுப்பாங்க?” உறுப்பினர் சிரித்தார். கூட்டமும் சிரித்தது. கேட்டவர் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியின் கனம் 2020-இல் நாடறியத் தெரிந்தது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் ஒதுக்க வேண்டும் என்ற குரல் வலுத்து, நீதிபதி கலையரசன் குழு பத்து சதவீதம் பரிந்துரைத்தது. அரசு ஏழரை சதவீதம் என்று முடிவு செய்தது. பள்ளிக் கல்வி மந்திரி அப்போது எங்கள் கோபித் தொகுதியின் கே. ஏ. செங்கோட்டையன். செப்டம்பரில் சட்டசபை மசோதாவை நிறைவேற்றியது. கவர்னரின் சம்மதம் வரத் தாமதமாகவே, எல்லாக் கட்சிகளும் வற்புறுத்தின. அக்டோபர் 29-ஆம் தேதி அரசாணை பிறந்தது. மறுநாள் சம்மதமும் வந்தது. நவம்பரில் கலந்தாய்வு. கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் டாக்டராகப் போகிறார்கள் என்று பத்திரிகைகள் பாராட்டி எழுதின.

அதே வாரத்தில் வேறு செய்தியும் வந்தது. தனியார் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்த சில பிள்ளைகள், ஆண்டுக்குச் சுமார் நான்கு லட்சம் ரூபாய் கட்டணத்தைக் கேட்டதும், இடமே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து விட்டுத் திரும்பி விட்டார்கள். சில நாட்களில், கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்புக்கு முன்பே இடத்தை விட்டவர்களின் குறை கோர்ட்டு வரை போயிற்று. இடத்தைச் சட்டம் கொடுத்தது; அதில் உட்காரும் செலவை மறந்து விட்டது. அந்த அனுபவம் வீண் போகவில்லை. 2021-இல் பொறியியல் முதலான படிப்புகளுக்கும் ஏழரை சதவீதம் விரிந்தபோது, கட்டணம், விடுதிச் செலவு, கலந்தாய்வுச் செலவு மூன்றையும் அரசே ஏற்கும் என்று முதலமைச்சர் ஸ்டாலின் சேர்த்தே அறிவித்தார். விடுதி என்ற சொல் அதில் இடம் பெற்றதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

இந்த வழக்கு நம் நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. 1972-இல் அமெரிக்கப் பார்லிமெண்டில் இதே பிரச்னை வேறு உருவில் வந்தது. உதவிப் பணத்தைக் கல்லூரிக்குக் கொடுப்பதா, மாணவனுக்குக் கொடுப்பதா? கல்லூரிகளின் சங்கங்கள் எங்களுக்கே கொடுங்கள் என்று நெருக்கின. கிளேபோர்ன் பெல் என்ற செனட்டர் மாணவனுக்கே என்று விடாப்பிடியாக நின்றார். அவர் பக்கம் வென்றது. பிற்பாடு அந்த உதவிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். பணம் மாணவனைத் தொடர்ந்து போக வேண்டும் என்பது அதன் தத்துவம்.

நம் பக்கத்திலும் அந்தத் தத்துவம் வந்து சேர்ந்தது. தாலிக்குத் தங்கம் என்று இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திருமண உதவி, பெண்களின் படிப்புக்கான உதவியாக மாறியது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் அவள் பெயரிலுள்ள பாங்குக் கணக்கிலேயே விழும் திட்டம் 2022 செப்டம்பர் 5-ஆம் தேதி தொடங்கியது. பையன்களுக்கு அதே ஏற்பாடு 2024 ஆகஸ்டில், கோயமுத்தூர் அரசுக் கலைக் கல்லூரியில் தொடங்கி வைக்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் என்ன பெரிய தொகை என்று வசதியுள்ளவர் கேட்கலாம். பஸ்ஸுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் அப்பன் மடியைப் பார்க்க வேண்டாத ஒரு பெண்ணிடம் கேட்டால், அது எவ்வளவு பெரிது என்று அவள் சொல்வாள்.

ஆனாலும் கணக்குப் புத்தகத்தை மூடி வைக்க நேரம் வரவில்லை. தாழ்த்தப்பட்ட மாணவர்களுக்கான மத்திய உதவித் தொகையை 2020 டிசம்பரில் திருத்தி எழுதினார்கள். ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய், அதில் நூற்றுக்கு அறுபது மத்திய அரசின் பங்கு என்று முடிவாயிற்று. இதற்கு முன் மாநிலங்களின் தலையில் அளவு மீறி விழுந்த பாரம் இதனால் குறைந்தது. ஆனால் பெற்றோர் வருமான வரம்பு மட்டும் இரண்டரை லட்சத்திலேயே நின்றது. அதற்கு ஓராண்டு முன்பு, 2019-இல், முற்பட்ட வகுப்பாரில் பொருளாதாரத்தில் நலிந்தவர் யார் என்று அளக்கச் சர்க்கார் வைத்த அளவுகோல் எட்டு லட்சம். ஒரே சர்க்கார், ஒரே ரூபாய். ஏழையை அளக்க மட்டும் இரண்டு படி. காசியையும் அலிகாரையும் காட்டிய அந்த 1942-ஆம் ஆண்டு மகஜரை எழுதியவர் இருந்திருந்தால், இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியிருப்பார்.

இன்னொரு அநியாயம் காலதாமதம். பரீட்சை முடிந்த பிறகு வந்து சேரும் உதவித் தொகையை நான் அறிவேன். அதற்குள் அந்த வீட்டில் தோடு அடகுக் கடைக்குப் போயிருக்கும், அல்லது பையன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போயிருப்பான். தோட்டை மீட்டு விடலாம். பையன் பெரும்பாலும் திரும்புவதில்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற எங்கள் பக்கத்து விவசாயிக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதோடு, என்றைக்கு வருகிறது என்பதும் பயிருக்கு முக்கியம்.

ஆகையால், ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம் நம் ஊரார் தார் ரோட்டையும் குடி தண்ணீரையும் கேட்கும்போது இன்னும் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கலாம். வருமான வரம்பு என்ன? சாப்பாட்டுச் செலவு அதில் சேர்த்தியா? பணம் எந்த மாதம் கைக்கு வரும்? மூன்றுக்கும் எண்ணிலும் தேதியிலும் பதில் சொல்ல வேண்டும். சிரிப்பைப் பதிலாக வாங்கிக் கொள்ளக் கூடாது. படிப்பும் ஒரு வேலைதான். வேலைக்குக் கொடுப்பது சம்பளம். அதன் முன்னே ‘உபகாரம்’ என்ற சொல் இனி எதற்கு?